மாதா பிடித்து வைத்த பூட்ஸ்

பிரமிடு எப்படி இருந்தது என்று என்னைக் கேட்காதவன் ஆம்பூரில் பாக்கி இல்லை. சவரக்கடையில் கேட்கிறான், கள்ளுக்கடையில் கேட்கிறான், அடக்கத்துக்குப் போன இடத்தில் குழிமேட்டில் நின்றுகொண்டும் கேட்கிறான். எல்லாருக்கும் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். கல் குவியல். பெரிய கல் குவியல். அதைச் சுற்றி மணல். அந்த மணல் பூட்ஸுக்குள் போனால் குதிகாலைத் தின்றுவிடும்.

இப்படிச் சொன்னால் கேட்டவன் முகம் சுருங்கிப்போகிறது. இந்த முரடனைப் போய் முதலாளி கப்பலில் கூட்டிக்கொண்டு போனாரே என்று முணுமுணுக்கிறான். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. என் காலைக் கூட்டிக்கொண்டு போனார். காலோடு ஒட்டிக்கொண்டு நானும் போனேன். அந்த விஷயத்தை ஒருவனும் கேட்பதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

ஜெர்மன்காரனோடு நடந்த பெரிய சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. நான் எங்கள் முதலாளியின் தோல் ஷாப்பில் தொட்டி வேலை பார்த்தேன். சுண்ணாம்புக் குழியில் ஊறின தோலைத் தூக்கி, மயிர் வழித்து, சதை சீவி, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் போட்டு மிதிப்பது. முதலாளி சாயபு. கோபக்காரர், ஆனால் கோபம் வந்தால் முகத்துக்கு நேராகத் திட்டுவார், முதுகுக்குப் பின்னால் திட்ட மாட்டார். அந்த ஒரு குணத்துக்காக எனக்கு அவரைப் பிடிக்கும்.

அவருக்கும் சென்னையில் தோல் வாங்கும் வெள்ளைக்கார ஏஜெண்டுக்கும் சண்டை. உங்கள் ஊர்த் தோல் பூட்ஸின் உள்ளே ஒட்டத்தான் லாயக்கு, வெளியே வைத்துத் தைத்தால் மடிப்பில் வெடித்துவிடும் என்று அவன் சொல்லியிருக்கிறான். வெளித்தோலுக்கு ஒரு மதிப்பு, உள்தோலுக்கு ஒரு மதிப்பு. சாயபு அன்று ரயிலிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக ஷாப்புக்கு வந்தார். இருந்ததிலேயே நல்ல தோலாகப் பொறுக்கி, வேலூரில் இருந்த என் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

என் அண்ணன் பட்டாளத்துக்கு பூட்ஸ் தைத்தவன். சண்டை முடிந்ததும் பட்டாளம் குறைந்தது, பூட்ஸ் குறைந்தது, அண்ணனுக்கு வேலை போயிற்று. தொட்டி வேலைக்கு வரலாம் என்றால் சுண்ணாம்பு பட்டால் அவன் கை வெடித்துப் புண்ணாகிவிடும். தங்கச் சுரங்கத்துக்குப் போகிறேன் என்று கிளம்பிக்கொண்டிருந்தான். அங்கேதான் எங்கள் அப்பன் போனான். இறங்கினவன் ஏறி வரவில்லை. எங்கள் அம்மா சுரங்கம் என்ற வார்த்தையைக் கேட்டாலே அடுப்பில் இருப்பதைக் கவிழ்த்துவிடுவாள்.

சாயபு அண்ணனிடம் சொன்னது இதுதான். "ஒரு ஜோடி தை. அத்த நேரா லண்டனுக்கே எடுத்துனு போறேன். இந்த ஏஜெண்டு வேணாம், இவனுக்கு மேல இருக்கறவனப் பாக்கறேன். அங்க அவன் வாய மூடிட்டான்னா, இங்க ஒரு கொட்டாய் போட்டு பூட்ஸ் தெக்கற வேல ஆரம்பிப்பேன். நீதான் மேஸ்திரி."

"ஆவலன்னா?" என்றான் அண்ணன்.

"ஆவலன்னா நீ சுரங்கத்துக்குப் போ. நான் காசிக்குப் போறேன்."

"நீங்க எதுக்கு மொதலாளி காசிக்கு?"

"பேச்சுக்குச் சொன்னா புடிச்சிக்குவான். தைடா."

புது பூட்ஸைக் கொண்டு போய்க் காட்டினால் எவனும் நம்ப மாட்டான், நடந்து தேய்ந்த பூட்ஸாக இருக்க வேண்டும் என்பது சாயபுவின் கணக்கு. வழியில் கப்பல் நிற்கிற ஊரில் எல்லாம் ஒருவன் இதைப் போட்டுக்கொண்டு மணல், கல், சேறு எல்லாவற்றிலும் நடக்க வேண்டும். பிறகு அதே பூட்ஸை லண்டனில் மேஜைமேல் வைத்து, பாருடா வெடிப்பை, என்று கேட்க வேண்டும். அண்ணன் கைக்கு வசதியாக இருந்த கால் என்னுடையது. அளவெடுத்தான். இப்படித்தான் நான் மத்தியதரைக் கடல் பார்த்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். அதுவரை நான் வாழ்நாளில் பூட்ஸ் போட்டதில்லை. செருப்பே நல்லபடியாகப் போட்டதில்லை. எங்கள் சேரியிலிருந்து கிறிஸ்தவக் கோயிலுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். தாண்டுகிறவரை செருப்பைக் கையில் தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடி விழும். தாண்டினதும் மாட்டுவோம். நாலு எட்டு வைத்தால் கோயில் வாசல். அங்கே மறுபடி கழற்றுவோம். செருப்பு எங்களைச் சுமந்ததைவிட நாங்கள் செருப்பைச் சுமந்ததுதான் ஜாஸ்தி. ஊரெல்லாம் காலில் மாட்ட நாங்கள் தோல் பதப்படுத்திக் கொடுக்கிறோம். எங்கள் காலில் மாட்டினால் தீட்டு. எந்த மடையன் போட்ட சட்டமோ.

கொழும்பில் கப்பல் ஏறினோம். சாயபுவுக்கு மேலே இரண்டாம் வகுப்பில் அறை. எனக்குக் கீழே, இயந்திரச் சத்தத்துக்குப் பக்கத்தில். சாயபுவின் அறையில் இன்னொரு ஆள் இருந்தார். சென்னை வக்கீல். ஒரு அப்பீலுக்காக லண்டன் போகிறவர். கையில் ஒரு சிவப்பு அட்டை வழிகாட்டிப் புத்தகம், அதை மூக்குக்கு அருகில் வைத்தே நடப்பார். சாயபு மாதிரிக்கு எடுத்து வந்த தோல் கட்டு நாறுகிறது என்று கப்பல்காரனிடம் புகார் கொடுத்தது இவர்தான். கட்டு கீழே என்னிடம் வந்து சேர்ந்தது. நான் அதைத் தலைக்கு வைத்துக்கொண்டு சுகமாகத் தூங்கினேன். கடல் நாற்றத்துக்கு ஆவாரம்பட்டை வாசனை எவ்வளவோ மேல்.

சூயஸில் இறங்கி ரயிலில் கெய்ரோ போய், ஊர் சுற்றிவிட்டு, போர்ட் சைதில் மறுபடி கப்பலைப் பிடிக்கலாம் என்று ஏற்பாடு. பிரமிடு வரை எல்லாரும் ஒட்டகத்தில் ஏறினார்கள். வக்கீல் ஏறினார், ஒட்டகம் எழுந்திருக்கும்போது "ஐயோ அம்மா" என்று சுத்தமான தமிழில் கத்தினார். சாயபு ஒரு கழுதைமேல் உட்கார்ந்தார். நானும் ஒரு கழுதைப் பக்கம் போனேன்.

"டேய், நீ எங்க ஏறுற?"

"எல்லாரும் ஏறுறாங்களே மொதலாளி."

"எல்லாரும் பிரமிடு பாக்க வந்தாங்க. நீ நடக்க வந்த. நட."

நடந்தேன். கழுதைக்காரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கழுதையும் சிரித்த மாதிரிதான் இருந்தது. கல் குவியலைச் சுற்றி ஒரு முழுச் சுற்று. வக்கீல் ஒட்டகத்தின்மேல் இருந்தபடியே புத்தகத்தைத் திறந்து, இதைக் கட்டினவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்று வாசித்தார். கட்டினவனுக்கு யார் சோறு போட்டது, அவன் காலில் என்ன இருந்தது என்று கேட்டேன். அது புத்தகத்தில் இல்லை.

சாயங்காலம் ஒரு பெரிய மசூதி. வாசலில் வெள்ளைக்காரர்களுக்கெல்லாம் பூட்ஸுக்கு மேலேயே ஒரு துணிச் செருப்பை மாட்டிக் கட்டி உள்ளே விட்டார்கள். சாயபுவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அசிங்கத்துக்கு மேல சட்ட போட்ட மாதிரி இருக்குது," என்று தன்னுடைய இங்கிலீஷ் பூட்ஸைக் கழற்றினார். வக்கீல் துணிச் செருப்பைக் கட்டிக்கொண்டார். நான் கழற்றி சாயபு பூட்ஸுக்குப் பக்கத்தில் வைத்தேன். வாசலில் இருந்த கிழவர் இரண்டு ஜோடியையும் காவல் காத்து, துடைத்து, பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். சாமி வீட்டு வாசலில் கழற்றி வைத்தால் யாரும் தொட மாட்டார்கள். நம் ஊரிலும் அப்படி, கெய்ரோவிலும் அப்படி. உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். இத்தாலிக்காரனைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

நேப்பிள்ஸில் கப்பல் காலையில் நின்றது, சாயங்காலம் கிளம்பும் என்றார்கள். முதலில் ரயிலேறி, எரிமலைச் சாம்பலில் மூடிப்போன பழைய ஊரைப் பார்க்கப் போனோம். தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள். அங்கே தெருவெல்லாம் பெரிய பெரிய கருங்கல். அந்தக் கல்லில் நடந்தபோது பூட்ஸ் முன்பக்கம் மடிந்து மடிந்து நிமிர்ந்தது. சாயபு எனக்குப் பின்னால் குனிந்து அந்த மடிப்பையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வெள்ளைக்காரி, என் காலில் அப்படி என்ன அதிசயம் என்று நின்று பார்த்தாள்.

வழிகாட்டி ஒரு கொட்டகைக்குள் கூட்டிக்கொண்டு போனான். தரையில் வட்டமான குழிகள், கழுத்துவரை கல் வைத்துக் கட்டியது, வரிசையாக. அவன் வாயைத் திறப்பதற்குள் சாயபு என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேய், இது இன்னா, நம்ம ஷாப்பு!"

ஆமாம், தோல் பதனிட்ட இடம்தான் என்று வழிகாட்டியும் சொன்னான். வக்கீல் புத்தகத்தைப் புரட்டி, அருமை, அருமை, எவ்வளவு நுட்பம் என்று குழிக்குள் தலையை விட்டார். எனக்கு எரிந்தது.

"ஐயா," என்றேன். "மோந்து பாருங்க. நாத்தம் வருதா?"

"இதெல்லாம் செத்துப்போன நாகரிகம்பா. இதுல ஏது நாத்தம்?"

"அப்ப நாங்களும் செத்துப் பொதைஞ்சதும் வாங்க. எங்க தொட்டியயும் புஸ்தகத்துல போடுவாங்க, நீங்க டிக்கட் வாங்கிப் பாக்கலாம்."

சாயபு இருமுகிற மாதிரி சிரித்தார். வக்கீல் என்னோடு அன்று மத்தியானம்வரை பேசவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஊருக்குத் திரும்பினோம். துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு கோயில். பெரிய கோயில் இல்லை, இரண்டு வீட்டுக்கு நடுவில் செருகி வைத்த மாதிரி. பக்கத்தில் ஒரு காப்பிக் கடை. சாயபுவும் வக்கீலும் காப்பி குடிக்க உட்கார்ந்தார்கள். நான் ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். லண்டனுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். பூட்ஸ் வெடிக்காமல் போய்ச் சேர வேண்டும், அண்ணன் சுரங்கத்துக்குப் போகாமல் இருக்க வேண்டும். கேட்டு வைத்தால் என்ன நஷ்டம்?

வாசலில் பூட்ஸைக் கழற்றினேன். சுவரோரமாக ஜோடியாக வைத்தேன். உள்ளே போனால், சீ, அத்தனை பேரும் பூட்ஸும் செருப்புமாக உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள்! தெருவில் குதிரை போட்டதை மிதித்த காலோடு ஆண்டவன் முன்னால் முட்டிபோடுகிறான். எங்களுக்கு வேதம் சொல்ல ஆள் அனுப்புகிறவர்கள் இவர்கள். முதலில் காலைக் கழுவச் சொல்லிக் கொடுக்க நாம் நாலு பேரை அங்கே அனுப்ப வேண்டும்.

நான் வெறுங்காலோடு முன்னால் போய் முட்டிபோட்டேன். கொஞ்சம் கண் கலங்கினது உண்மை. அம்மா ஞாபகம் வந்தது. ஆண்டவரே, அந்த பூட்ஸை லண்டனில் சேர்த்துவிடும் என்று வேண்டினேன். நான் அப்படி வேண்டிக்கொண்டிருந்த நேரத்தில்தான் பூட்ஸ் போனது.

வெளியே வந்தால் சுவர்தான் இருந்தது.

நான் போட்ட சத்தத்தில் காப்பிக் கடையே எழுந்துவிட்டது. சாயபு ஓடி வந்தார். என் காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"எங்கடா?"

"கழட்டி வெச்சிட்டு உள்ள போனேன் மொதலாளி."

"எதுக்குடா கழட்டின?"

"கோயிலுக்குள்ள பூட்ஸோட போவச் சொல்றீங்களா?"

மசூதி வாசலில் அவரே கழற்றுகிற ஆள். அதனால் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது. "உன் அண்ணன் பொழப்பயும் என் பொழப்பயும் தெருவுல அவுத்து வெச்சிட்டு வந்திருக்கியே, மாடு! ஊரு பூரா நடந்துட்டு கடைசில வந்து..." என்று ஆரம்பித்து, நடுவில் உருதுவுக்குப் போய், அங்கேயும் வார்த்தை போதாமல் நின்றார். வக்கீல், இது திருடர்கள் நிறைந்த ஊர் என்று புத்தகத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது என்றார். போலீசுக்குப் போனால் கப்பல் போய்விடும் என்றும் சொன்னார்.

அப்போது கறுப்புச் சேலை மாதிரி போர்த்தின ஒரு கிழவி கோயிலுக்குள்ளிருந்து வந்தாள். என் முன்னால் குனிந்தாள். என் பாதத்தைத் தொட்டு அந்த விரல்களை முத்தமிட்டாள். பின்னாலேயே இன்னொருத்தி. எங்கள் ஊரில் என் நிழல் பட்டால் தலை முழுகுகிறவர்கள் உண்டு. இங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவி என் காலைத் தொடுகிறாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

"இன்னாடா பண்ண உள்ள?" என்றார் சாயபு சந்தேகமாக.

"ஒண்ணும் பண்ணல மொதலாளி, சத்தியமா."

கிழவி என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஓரத்தில் ஒரு மாதா சுரூபம். அதைச் சுற்றிச் சுவர் முழுக்கக் கட்டைக் கால், ஊன்றுகோல், மெழுகில் செய்த கை, வெள்ளித் தகட்டில் இதயம், என்னென்னவோ தொங்கிற்று. ஊன்றுகோலுக்கும் கட்டைக் காலுக்கும் நடுவில், ஒரு ஆணியில், நாடாவோடு கட்டித் தொங்கியது எங்கள் ஆம்பூர்த் தோல். கீழே மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது.

கோயிலைத் திறந்து பூட்டுகிற கிழவன் வந்தான். அமெரிக்காவில் சில வருஷம் கூலி வேலை பார்த்தவனாம், இங்கிலீஷ் பேசினான். வக்கீல் நடுவில் நின்று தமிழில் சொன்னார். விஷயம் இதுதான். மாதாவிடம் வேண்டிக் கால் குணமான நொண்டிகள் தங்கள் ஊன்றுகோலையும், குட்டைக் காலுக்கு அடி உயர்த்தித் தைத்த கட்டைப் பூட்ஸையும் இங்கே காணிக்கையாக விட்டுப் போவார்களாம். வாசலில் ஜோடியாக அழகாக வைத்த பூட்ஸ். உள்ளே ஒருவன் வெறுங்காலோடு முட்டிபோட்டு அழுகிறான். எவ்வளவு தூரத்திலிருந்தோ வந்த கறுப்பன். பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. எடுத்து மாட்டிவிட்டான். தெருவில் இருக்கிற பெண்களுக்கும் சொல்லிவிட்டான்.

"நான் நொண்டி இல்லன்னு சொல்லுங்க," என்றேன்.

வக்கீல் சொன்னார். கிழவன் சந்தோஷமாகத் தலையாட்டினான். "இப்ப நொண்டி இல்லன்னு அவனுக்கும் தெரியுமாம்," என்றார் வக்கீல்.

பிறகு வக்கீல் சட்டம் பேசினார். கொடுக்கும் எண்ணம் இல்லாமல் தானம் செல்லாது, வைத்தவன் வாயால் சொல்லவில்லை, எழுதித் தரவில்லை என்று கையை ஆட்டி ஆட்டி வாதாடினார். கேட்டுக்கொண்டே இருந்த கிழவன் கடைசியில் ஒரே வார்த்தை சொன்னான். மாதாவுக்குக் கொடுத்ததை மாதாவிடமிருந்து பிடுங்கினால் போன நொண்டி திரும்பி வரும். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கூட்டம் சேர்ந்தது. துறைமுகத்தில் கப்பல் ஊதிற்று.

சாயபு கட்டைக் கால்களையும் மாதாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மரியம் பீவி எங்களுக்கும் தெரிஞ்சவங்கதான்டா," என்றார். "அவங்க ஒண்ணும் உன் பூட்ஸுக்கு ஆசப்படல. இந்தாளுக்குத்தான் ஆணி காலியா இருக்கக் கூடாது."

பெஞ்சில் உட்கார்ந்தார். தன்னுடைய இங்கிலீஷ் பூட்ஸின் நாடாவை அவிழ்த்தார். பம்பாயில் வெள்ளைக்காரக் கடையில் வாங்கினது, முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளக்கும். இரண்டையும் தூக்கிக் கிழவன் கையில் கொடுத்தார்.

"கேளுங்க வக்கீல் சாப். இது ஒசத்தி. லண்டன்ல தச்சது. மாதாவுக்கு இது ஒத்துக்குமா?"

வக்கீல் கேட்டார். கிழவன் ஒரு பூட்ஸைத் திருப்பி அடியைப் பார்த்தான், மூக்கில் வைத்தான், நகத்தால் சுரண்டினான். பிறகு பெண்களைப் பார்த்து ஏதோ சொன்னான். அவர்கள் இப்போது சாயபுவின் காலைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

"இன்னா சொல்றான்?"

வக்கீல் தயங்கினார். "இன்னிக்கு மாதா ரெண்டு நொண்டியைக் குணமாக்கிட்டாங்களாம்."

நான் ஆணியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டேன். வலது பூட்ஸின் மூக்கில் மெழுகு சொட்டிக் காய்ந்திருந்தது. வெளியே வந்ததும் நான் குனிந்து நாடாவை அவிழ்க்கப் போனேன்.

"இன்னா பண்ற?"

"நீங்க போட்டுக்குங்க மொதலாளி. வெறுங்காலோட எப்படி..."

"என் காலு இதுல நீந்தும். நீ நட. வேகமா நட. அந்த மெழுவ தொடாத, பேத்தா தோலும் சேந்து வரும்."

துறைமுகம்வரை கல் தெரு, கீழே இறக்கம். நான் பூட்ஸோடு முன்னால் நடந்தேன். ஷாப் முதலாளி வெறுங்காலோடு, கால்சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கல்லும் மீன் செதிலும் குத்தக் குத்த முனகிக்கொண்டு பின்னால் வந்தார். எங்கள் ஊர்த்தெரு முழுவதும் அன்று அங்கே வந்து இரண்டு பக்கமும் நின்று பார்த்திருக்க வேண்டும். அது ஒன்றுதான் குறை. கப்பல் ஏணியில் அதிகாரி சாயபுவின் காலைப் பார்த்து மேலே விட யோசித்தான். என்னைப் பார்த்து சல்யூட் வைத்தான்.

மார்செய் துறைமுகத்தில் அவர் ஒரு மட்டமான ஜோடு வாங்கி மாட்டிக்கொண்டார். லண்டன்வரை அது கடித்தது, அவர் என்னைக் கடித்தார்.

லண்டனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. மழை. ஒரு மர அறை. தோல் வாங்குகிற பெரிய வெள்ளைக்காரன் மேஜைமேல் பூட்ஸை வைத்தார்கள். நான் மறுபடி வெறுங்காலோடு கம்பளத்தில் நின்றேன், அந்தக் கம்பளம் நன்றாக இருந்தது. அவன் மடிப்பை விரலால் அழுத்தினான், வளைத்தான், மூக்கில் வைத்தான். பூட்ஸின் மூக்கில் இருந்த மெழுகைக் காட்டி இது என்ன என்றான். சாயபு கையை நீட்டித் தடுப்பதற்குள் அவன் நகத்தால் பெயர்த்தான். மெழுகு தகடாகக் கழன்று வந்தது. கீழே தோல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. அவன் எழுந்து போய் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். சாயபு என்னைத் திரும்பிப் பார்த்தார். கப்பல் ஏறினதிலிருந்து அன்றுதான் என் முகத்தைப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

வெளித்தோலாகவே வாங்கிக்கொள்கிறேன் என்றான் வெள்ளைக்காரன். பூட்ஸ் எங்களுக்கே தைக்கத் தெரியும், அது வேண்டாம் என்றும் சொன்னான். போடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சாயபு ஊர் திரும்பி, சொன்னபடி கொட்டாய் போட்டார். லண்டனுக்கு இல்லை, இந்த ஜில்லா போலீஸ்காரன் காலுக்கும் ரயில்காரன் காலுக்கும். அண்ணன்தான் மேஸ்திரி. இன்றுவரை சுரங்கத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நான் வந்து இறங்கின அன்று அவன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். என்னைக் கட்டிப் பிடிப்பான் என்று பார்த்தேன். நேராகக் கீழே குனிந்து வலது பூட்ஸைப் பிடித்துத் தூக்கினான், நான் ஒற்றைக் காலில் தள்ளாடினேன்.

"பிரமிடு மணல்ல நடந்தியா?"

"நடந்தேன்."

"அதுக்கப்புறம் எண்ணெ போட்டியா?"

நான் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"எண்ணெ போடாமயே லண்டன்வரிக்கும் போட்டுனு போயிருக்கான் பாரு, எரும," என்று ஸ்டேஷன் பூராவும் கேட்கக் கத்தினான். பிறகு என் காலை விடாமலே, தரையில் குந்தி உட்கார்ந்து, துண்டால் அந்த பூட்ஸைத் துடைக்க ஆரம்பித்தான்.